பூட்டில்லாத கருவி: ‘பாப்ரிகா’ நாவல் குறித்து ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கனவுகளைப் படிக்கும் கருவிகளைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் ஜப்பானிய எழுத்தாளர் யசுதகா ட்சுட்சுயியின் ‘பாப்ரிகா’ நாவலைப் பற்றி அக்கட்டுரையில் வந்த பத்தியில் ஒரு தகவல் பிழை இருக்கிறது; அதைவிடப் பெரிதாக, நாவலைப் புரிந்துகொண்ட விதத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மருத்துவமனையின் இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) அறையில் முன்பின் தெரியாதவர்களின் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பிழைத்தவன் என்ற முறையில், இரண்டாவதைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

தகவல் பிழையை முதலில் முடித்துவிடுகிறேன். “புகழ்பெற்ற அனிமேஷன் படத்தைத் தழுவி எழுதப்பட்ட நாவல்” என்று கட்டுரை சொல்கிறது. நடந்தது இதற்கு நேர்மாறு. நாவல் 1991 முதல் ‘மாரி கிளேர்’ என்ற பெண்கள் இதழின் ஜப்பானியப் பதிப்பில் தொடராக வந்து, 1993இல் நூலாயிற்று. சதோஷி கோன் இயக்கிய படம் வெளியானது 2006இல்தான். படத்தில் வரும் ‘ரேடியோ கிளப்’ மதுக்கடையின் பணியாளர்கள் இருவருக்கும் குரல் கொடுத்திருப்பவர்கள் நாவலாசிரியரும் இயக்குநருமே. நான் படித்தது 2009இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். “மனிதர்களின் கனவைத் திருடும் கொடிய இயந்திரத்தைப் பற்றிய எச்சரிக்கை” என்று அந்தப் பத்தி முடிகிறது. நாவலில் வரும் இயந்திரம் எதையும் திருடுவதில்லை. அது நோயைக் குணப்படுத்த உருவானது, உண்மையிலேயே குணப்படுத்தவும் செய்கிறது. தோக்கியோவின் மனநல ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் அட்சுகோ சிபா என்ற உளச்சிகிச்சையாளரும், அளவுக்கு மீறிப் பருத்த உடலும் குழந்தை மனமும் கொண்ட டோகிடா என்ற மேதையும், நோயாளியின் கனவைத் திரையில் பார்க்கவும் அதற்குள் நுழைந்து பேசவும் வழிசெய்யும் கருவிகளை உருவாக்கி, நோபல் பரிசுக்குப் பரிசீலிக்கப்படும் நிலையில் இருக்கிறார்கள். இந்தக் கருவிகள் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், பதவியிலும் பொறுப்பிலும் இருந்ததால் வெளிப்படையாக மனநல மருத்துவரிடம் போகத் தயங்கியவர்களுக்கு, அட்சுகோ வேறு தோற்றமும் வேறு பெயரும் பூண்டு இரகசியமாகச் சிகிச்சை அளித்தவர். அந்தப் புனைபெயர்தான் பாப்ரிகா. மோட்டார் வாகன நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரி நோடா பதற்ற நோயோடும், காவல்துறை உயர் அதிகாரி கொனகாவா மனச்சோர்வோடும் அவரிடம் வருகிறார்கள். இருவரும் நலம் பெறுகிறார்கள். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு நோடாவைத் தெரிந்திருக்காது. அவருடைய நோயையும் சேர்த்துக் கொனகாவாவின் தலையில் ஏற்றிவிட்டார் இயக்குநர்.

வினை எங்கே தொடங்குகிறது? டோகிடா அந்தப் பெரிய கருவிகளையெல்லாம் சுருக்கி, டி.சி. மினி என்ற மிகச்சிறிய கருவியாக்குகிறார். கம்பி வேண்டாம், திரை வேண்டாம். தலையில் பொருத்திக்கொண்டு தூங்கினால் போதும், ஒருவர் கனவுக்குள் மற்றொருவர் போகலாம். ஆனால் யார் யாருடைய கனவுக்குள் போகலாம் என்று தடுத்து நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு எதையும் அவர் அதில் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கருவி களவு போகிறது. நிறுவனத்தின் துணைத்தலைவர் இனுயும் அவருடைய கையாளான ஒசனாயும் மனச்சிதைவு நோயாளியின் கனவை எடுத்து, நல்ல மனநிலையில் இருக்கும் சக ஊழியர்களின் தலைக்குள் செலுத்துகிறார்கள். போதாக்குறைக்கு, பயன்படுத்தப் பயன்படுத்த உடம்பு இந்தக் கருவிக்குக் கூடுதல் கூருணர்ச்சி கொள்கிறது. ஒரு கட்டத்தில் கனவுக்கும் விழிப்புக்கும் நடுவே இருந்த சுவரே இடிந்து, நோபல் பரிசு விழா அரங்கில் கனவின் மிருகங்கள் புகுந்து அட்டகாசம் செய்கின்றன. கட்டுரையாளர் கண்ணில் பட்டது இந்த அட்டகாசம். என் கண்ணில் நின்றது, நல்லெண்ணம் கொண்ட ஒரு மேதை பூட்டு வைக்க மறந்த அந்த ஒரு கணம்.

அது ஏன் என் கண்ணில் நின்றது என்று சொல்ல நான் வேலை பார்த்த அறைக்குள் உங்களைக் கொஞ்சம் அழைத்துப் போக வேண்டும். இ.இ.ஜி. எடுக்க வருபவர்களிடம் முந்தின நாளே சொல்லி அனுப்புவோம்: தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டு வாருங்கள். பாதிப் பேர் பழக்க தோஷத்தில் தேங்காய் எண்ணெய் வழிய வந்து நிற்பார்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உச்சந்தலையை வகிடு வகிடாகத் துடைப்பதில் கால் மணி நேரம் போகும். பிறகு அளவு நாடாவால் மூக்கின் மேல்முனையிலிருந்து பின்மண்டை முகடு வரை அளந்து, அதைப் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று பிரித்துப் பென்சிலால் குறித்து, களிம்பு தடவி ஒவ்வொரு மின்முனையாக ஒட்டுவேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கணினி வரவில்லை. மைப் பேனாக்கள் வரிசையாக நடுங்க, காகிதம் நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். அரை மணி நேரப் பதிவுக்கு 54 மீட்டர் காகிதம். வலிப்பின் தடயம் தூக்கத்தில்தான் சிலருக்கு வெளிப்படும் என்பதால் முந்தின இரவு கண்விழித்துவிட்டு வரச் சொல்வோம். படுத்த ஐந்தாவது நிமிடத்தில் பேனாக்களின் போக்கு மாறும், ஆள் தூங்கிவிட்டார் என்று முகத்தைப் பார்க்காமலே தெரியும். கனவு அதிகம் வரும் கட்டத்தை அந்த அறையில் நான் பார்த்தது அரிது. 1953இல் சிகாகோவில் கண்டறியப்பட்ட அந்த விரைவுக் கண்ணசைவுத் தூக்கம், பொதுவாகத் தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வரும். எங்களுக்கு அத்தனை நேரமும் இல்லை, காகிதமும் இல்லை.

மின்முனைகளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது பத்தில் மூன்று பேராவது தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்பார்கள்: “அண்ணே, நான் மனசுல நினைக்கிறதெல்லாம் இதுல விழுந்துடுமா?” சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் விழாதும்மா, மூளையில ஓடுற கரண்ட் மட்டும்தான் விழும்” என்பேன். சிரித்திருக்கக் கூடாது என்று பிற்பாடு தெரிந்தது. மனிதனின் மூளை மின்னலைகளை 1924இல் முதன்முதலில் பதிவு செய்து, 1929இல் வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், இந்தத் துறைக்குள் வந்ததே ஏறத்தாழ இதே கேள்வியோடுதான். இளம் வயதில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றே, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று ஊரிலிருந்த அவருடைய அக்காவுக்கு மனதில் பட்டதால் வீட்டிலிருந்து தந்தி வந்தது. ஒருவர் மனம் மற்றொருவர் மனத்துக்கு எப்படிச் செய்தி அனுப்பியது என்று தேடப் போனவர் கண்டது, ஒரு வோல்ட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத சிறு அலைகளை. என் நோயாளிகள் அறியாமையால் கேட்கவில்லை. அந்த இயந்திரம் எதற்காகப் பிறந்ததோ அதைக் கேட்டார்கள்.

ஒரு நாள் இளம்பெண் ஒருத்தி உள்ளே படுத்திருக்க, அவள் கணவர் வராந்தாவில் என்னைத் தனியே அழைத்து, “சார், இவ மனசுல வேற யாராவது இருக்காங்களான்னு இதுல பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. திருமணமாகி ஓராண்டுக்குள் மனைவிக்கு அடிக்கடி மயக்கம் வருவதைப் பார்த்து மிரண்டுபோயிருந்தார். “மிஷின்ல அந்த வசதி இல்லைங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்போது அது நல்ல பதிலாகவே பட்டது. ஓய்வு பெற்ற பிறகு ‘பாப்ரிகா’வைப் படித்தபோது அந்த வராந்தா நினைவுக்கு வந்து என்னைத் தொந்தரவு செய்தது. இயந்திரத்தில் வசதி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அந்தப் பெண்ணின் இரகசியத்தை அன்று காப்பாற்றியது என் நேர்மையா, இயந்திரத்தின் இயலாமையா? டோகிடாவின் இடத்தில் அன்று நான்தான் நின்றிருந்தேன். பூட்டைப் பற்றி யோசிக்க எனக்கும் அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த நாவலாசிரியரின் வாழ்க்கையிலேயே இதைத் தொட்டு ஒரு நிகழ்ச்சி உண்டு. கட்டுரையில் அது இடம்பெறாதது வலிப்பு நோயாளிகளோடு பழகிய எனக்குக் குறையாகப் பட்டது. ட்சுட்சுயி 1960களில் எழுதிய ‘ஆளில்லாக் காவல்’ என்ற சிறுகதையில், தெருவில் ரோந்து வரும் இயந்திரக் காவலர் வாகன ஓட்டிகளின் மூளை அலைகளைச் சோதித்து, வலிப்பு நோய் உள்ளவர்களைக் கண்டுபிடிக்கும். இந்தக் கதை உயர்நிலைப் பள்ளிப் பாடநூல் ஒன்றில் சேர்க்கப்பட்டதை எதிர்த்து 1993இல் ஜப்பானின் வலிப்பு நோய்ச் சங்கம் குரல் எழுப்பியது. பத்திரிகைகளில் சர்ச்சை முற்றியது. வார்த்தைகளைத் தேடித் தேடி வெட்டும் போக்கைக் கண்டித்து, இனி எழுதப்போவதில்லை என்று ட்சுட்சுயி அறிவித்தார். ‘பாப்ரிகா’ நூலாக வந்த அதே பருவம் அது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் பேனாவைத் தொடவில்லை. தன் எழுத்தில் கைவைக்குமுன் தன்னைக் கேட்க வேண்டும் என்று பதிப்பகங்கள் சிலவற்றோடு உடன்பாடு செய்துகொண்ட பிறகே திரும்பி வந்தார்.

இதில் நான் யார் பக்கம் என்று கேட்டால், சங்கத்தின் வருத்தத்தை என்னால் ஒதுக்க முடியாது. வலிப்பு வந்தவனின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் ஊரில், பெண்ணுக்கு வலிப்பு இருந்ததை மறைத்துத் திருமணம் செய்துவைத்து, பிறகு அந்தத் திருமணம் முறிவதைப் பார்க்கும் ஊரில் வேலை பார்த்தவன் நான். வகுப்பறையில் அந்தக் கதையை உரக்கப் படிக்கும்போது, பையில் மாத்திரையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அதே சமயம், ஆளைக் கேட்காமல் மூளையைச் சோதிக்கும் போலீஸைக் கேலி செய்த கதையைப் பாடநூலிலிருந்து தூக்குவதால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதும் புரியவில்லை. எழுத்தாளரும் நோயாளியும் அங்கே கேட்டது ஒன்றையே: என்னைச் சேர்ந்த ஒன்றைத் தொடுமுன் என்னைக் கேள். இருவரும் அதை எதிரெதிரே நின்று கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

நாவலில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண்கள் மீதான பாலியல் வன்முறையை எழுதும் இடங்களில் ட்சுட்சுயியின் கை கூசவே இல்லை. ஒசனாய் அட்சுகோவிடம் அத்துமீறும் காட்சியில் அவள் மனம் ஓடும் ஓட்டமாக அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தீயவர்களைத் தன்பால் ஈர்ப்பு கொண்டவர்களாகக் காட்டி, அதையே அவர்கள் தீமைக்கு ஒரு நிறமாகப் பூசியிருப்பதும் அப்படியே. மருத்துவமனைக்காரனாக எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பாப்ரிகாவின் நோயாளிகள் குணமாகிக்கொண்டே அவள் மீது காதல் கொள்கிறார்கள். அவளும் அந்த ஈர்ப்பைச் சிகிச்சையின் ஒரு கருவியாகவே கையாள்கிறாள். அனுமதி பெற்றுக்கொண்டுதான் கனவுக்குள் போகிறாள், உண்மைதான். ஆனால் தூங்குகிறவன் கொடுத்த அனுமதி கனவின் எந்த அறை வரைக்கும் செல்லும்? நாவல் இந்தக் கேள்வியை அருகில் வந்து தொட்டுவிட்டு, மிருகங்களை அவிழ்த்துவிடும் அவசரத்தில் நழுவிப் போகிறது. படத்தில் இந்த உறுத்தல் குறைவு. குளிர்பதனப் பெட்டியும் பொம்மைகளும் தவளை வாத்தியக்காரர்களும் கும்மாளமிட்டு நடந்துவரும் அந்த ஊர்வலத்தின் அழகில் கேள்வியே மறந்துவிடுகிறது. கோன் மகா கலைஞர், ஐயமில்லை. 2010இல் 46 வயதில் அவர் மறைந்தது பேரிழப்பு. இருந்தாலும் சிந்திக்க உட்காருபவர்களுக்கு நாவலே உகந்தது.

“இதெல்லாம் இன்று நனவாகிவிட்டது” என்று கட்டுரை சொல்வதையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜப்பானின் கியோத்தோ பகுதியில் யுகியாசு கமிதானி குழுவினர் 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வைத்தான் கட்டுரையாளர் மனதில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதில் பங்கேற்றவர்கள் மூன்றே பேர். ஸ்கேன் இயந்திரத்துக்குள் அவர்களைப் படுக்கவைத்து, கண்ணயரும் கணத்தில் எழுப்பி, “இப்போது என்ன தெரிந்தது?” என்று கேட்டுப் பதிவு செய்தார்கள், காட்சி தெரிந்ததாகச் சொன்ன பதில்கள் மட்டுமே ஒவ்வொருவரிடமிருந்தும் குறைந்தது 200 சேரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அவ்வளவு பாடுபட்ட பிறகு கணினியால் சொல்ல முடிந்தது, தெரிந்தது கட்டடமா ஆளா என்பதுபோன்ற பொருள் வகையை, குருட்டு ஊகத்தைவிடச் சற்று மேலான துல்லியத்தில். 2023இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கேட்கும் கதையின் சாரத்தை மூளைப்பதிவிலிருந்து சொற்களாக்கிய ஆய்விலும், ஒவ்வொருவரும் ஸ்கேனருக்குள் 16 மணி நேரம் கதை கேட்டுக் கணினியைப் பழக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழகியது இன்னொருவருக்குப் பலிக்கவில்லை, ஆள் மனதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாலும் குழம்பியது. ஆகவே இப்போதைக்கு ஆளின் ஒத்துழைப்பே பூட்டாக இருக்கிறது. வராந்தாவில் நின்ற கணவருக்கு நான் சொன்ன அதே பதில்தான் இது: மிஷினில் அந்த வசதி இல்லை.

உள்ளே படிப்பதைவிட உள்ளே போடுவது எளிது என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது. 2021இல் அமெரிக்காவில் பீர் நிறுவனம் ஒன்று, ஒரு பெரிய அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியை ஒட்டி, தூங்கப் போகுமுன் ஒரு காணொளியைப் பார்த்து, இரவு முழுக்க ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தூங்கினால் தங்கள் விளம்பரம் கனவில் வரும் என்று மக்களை அழைத்தது. கனவும் தூக்கமும் ஆராயும் அறிவியலாளர்கள் நாற்பது பேர் அதை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். மூளைக்குள் கம்பி வேண்டியதில்லை. தலையணை ஓரத்தில் ஒரு ஒலிபெருக்கி போதும். டி.சி. மினியைவிட எனக்கு இது அதிகம் அச்சம் தருகிறது.

பூட்டைச் சட்டத்தில் வைக்க முனைந்தவர்களும் இருக்கிறார்கள். சிலி நாடு 2021இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து பெறும் தகவலுக்கும் பாதுகாப்பு அளித்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலையில் அணியும் மூளையலைக் கருவியை விற்ற நிறுவனம் ஒன்று, அதை வாங்கிய ஒருவரின் பதிவை அழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் நாட்டிலும் வெறுமை இல்லை. 2010 மே 5 அன்று ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி எவரையும் மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனைக்கோ, பொய்யறியும் பாலிகிராஃப் சோதனைக்கோ, மூளையலைச் சோதனைக்கோ உட்படுத்தக் கூடாது என்றும், அப்படிச் செய்வது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவை மீறுவதாகும் என்றும் தீர்ப்பளித்தது. அந்த மூன்றாவது சோதனைக்குத் தலையில் ஒட்டப்படுபவை என் கை பழகிய அதே மின்முனைகள். ஆனால் அத்தீர்ப்பு காவல் நிலையத்தையும் விசாரணை அதிகாரியையும் கருதி எழுதப்பட்டது. தூக்கத்தை அளப்பதாகச் சொல்லிக் கடையில் விற்கும் தலைப்பட்டையையோ, வராந்தாவில் நிற்கும் கணவரையோ அது நேரடியாகத் தொடவில்லை. உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இயந்திரத்தின் கொடுமையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு இந்த இடைவெளியைப் பற்றி விசாரித்து எழுதினால், சட்டம் தெரிந்த வாசகர்களும் அதில் கலந்துகொள்வார்கள்.

நிறைவாக ஒரு சிறு திருத்தம். கதாநாயகியின் ‘இயற்பெயர்’ பாப்ரிகா என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. அது, மேலே சொன்னபடி, சிகிச்சைக்காகப் பூண்ட பெயர். காரம் குறைந்த ஒரு வகை மிளகாயையும் அதன் பொடியையும் குறிக்கும் சொல். வரும் ஞாயிறு இணைப்பில் இதையும், நாவல் படத்துக்கு முந்தியது என்பதையும் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இ.இ.ஜி. தொழில்நுட்பர்,
திருச்சிராப்பள்ளி.